எத்தனை இன்ச் என்பதற்கு முன்னால்

புதிதாக மகிந்திரா தார் வாங்கியவர் மாற்றுச் சஸ்பென்ஷன் பொருத்தும் பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை இன்ச் தூக்கலாம்?" என்பதுதான். பட்டறைக்காரரும் சளைக்காமல் இரண்டு என்றோ மூன்று என்றோ சொல்லிவிடுவார். வண்டியில் எவ்வளவு எடை ஏறப்போகிறது, எந்தத் தரையில் எந்த வேகத்தில் ஓடப்போகிறது என்ற பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தீர்மானிக்க வேண்டியவை அவைதாம். உயரம் அந்தக் கணக்கின் விடையாக வந்து விழ வேண்டிய ஒன்று. அதையே கேள்வியாக்கிக்கொண்டால் மற்றதெல்லாம் பிசகத் தொடங்கிவிடும்.

முதலில் கம்பெனி கொடுத்ததைப் பார்த்துவிடலாம். 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறைத் தார், செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் மகிந்திரா ரிசர்ச் வேலியில் உருவானது. முன்பக்கம் டபுள் விஷ்போன், பின்பக்கம் மல்டிலிங்க் கட்டிய முழு ஆக்சில், நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். தரை இடைவெளி 226 மி.மீ. மேட்டில் மூக்கு இடிக்காமல் ஏறும் கோணம் 41.8 பாகை, வயிறு தட்டாமல் முகட்டைத் தாண்டும் கோணம் 27 பாகை, வால் இடிக்காமல் இறங்கும் கோணம் 36.8 பாகை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வார இறுதிக்குப் போய்வருகிறவருக்கு இந்த எண்களில் குறை சொல்ல அதிகம் இல்லை. தாரைப் பற்றிப் பொதுவாக எழும் புகாரும் உயரத்தைப் பற்றியதல்ல. பின்சீட்டில் உட்கார்ந்தவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் துள்ளுகிறார் என்பதே புகார். மூன்று இன்ச் தூக்கினால் அவர் இன்னும் உயரத்தில் துள்ளுவார், அவ்வளவுதான்.

துள்ளலுக்கு ஒரு காரணம் வண்டியின் நீளத்திலேயே இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2,450 மி.மீ. மட்டுமே. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறிய கால் நொடிக்குள் பின்சக்கரமும் அதே மேட்டில் ஏறிவிடும். முன்பாதி இறங்கத் தொடங்கும்போது பின்பாதி எழுகிறது. வண்டி ஏற்றப்பலகை போல ஆடுகிறது. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் மாரிஸ் ஒல்லி இதற்கு வழி சொன்னார். பின்பக்க ஸ்பிரிங்கின் ஆட்டம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக இருந்தால், தாமதமாகத் தொடங்கினாலும் பின்பாதி முன்பாதியை எட்டிப் பிடித்துவிடும். முன்னும் பின்னும் மாறி மாறிக் குத்துவது ஓரிரு ஆட்டத்தில் அடங்கும். முன்பக்கம் ஒரு கம்பெனி, பின்பக்கம் ஒரு கம்பெனி என்று கிடைத்ததை வாங்கி மாட்டுகிறவர்கள் கெடுத்துக்கொள்வது முதலில் இந்தப் பொருத்தத்தைத்தான். 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸ் 2,850 மி.மீ. அச்சு இடைவெளியோடு, பின் ஆக்சிலுக்கு வாட்ஸ் லிங்க்கும் அதிர்வின் வேகத்துக்கு ஏற்பத் தன் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக்கும் பெற்று வந்தது. மூன்று கதவு வண்டியின் பெரிய குறைக்குக் கம்பெனி தந்த பதிலில் உயரத்துக்கு வேலையே இருக்கவில்லை.

உயரத்தால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. முழு ஆக்சில் வண்டியில் தரைக்கு மிக அருகே தொங்குவது ஆக்சிலின் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. பாடியும் சேசிஸும்தான் போகும். ஹவுசிங்கை உயர்த்துவது டயர் ஒன்றுதான், அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி அளவுக்கு. 16 அங்குல ரிம்மில் 245/75 டயரின் விட்டம் ஏறக்குறைய 774 மி.மீ., 265/75 போட்டால் 804. முப்பது மில்லிமீட்டர் பெரிய டயருக்கு ஹவுசிங் பதினைந்துதான் உயரும். கூடவே ஸ்பீடோமீட்டர் சுமார் 4 சதவீதம் குறைத்துக் காட்டும், கியரும் அதே அளவு கனக்கும்.

தூக்குவதால் உண்மையில் பயன் பெறுவது வயிற்றுக் கோணம். மாருதி ஜிம்னியை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு ஜிம்னியின் அச்சு இடைவெளி 2,250 மி.மீ., வயிற்றுக் கோணம் 28 பாகை. 2023இல் இந்தியாவில் வந்த ஐந்து கதவு ஜிம்னிக்கு 340 மி.மீ. நீட்டினார்கள், கோணம் 24ஆக இறங்கியது. 50 மி.மீ. தூக்கினால், எளிய முக்கோணக் கணக்குப்படி, நான்கு பாகைக்குச் சற்று மேல் திரும்பக் கிடைக்கும். நீட்டியதில் இழந்ததை அப்படியே மீட்டுத் தருவதால், ஐந்து கதவு ஜிம்னியை இரண்டு இன்ச் தூக்குகிறவரிடம் எனக்குச் சண்டையில்லை. 27 பாகையில் தொடங்கும் தாருக்கு அதே நியாயம் அவ்வளவு வலுவாக இல்லை.

உயரத்துக்குக் கொடுக்கும் விலையையும் கணக்கில் எழுத வேண்டும். வண்டி எவ்வளவு எளிதில் உருளும் என்பதை அளக்க அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை ஒரு விகிதத்தைப் பயன்படுத்துகிறது: இடது வலது டயர்களுக்கு நடுவே உள்ள அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல இரு மடங்கால் வகுப்பது. அகலம் 1,500 மி.மீ., மைய உயரம் 680 என்று ஒரு வண்டியை எடுத்துக்கொண்டால் விகிதம் 1.10. பாடியை 50 மி.மீ. தூக்கும்போது மையம் 40 உயர்ந்தால் விகிதம் 1.04. சாதாரணக் கார்கள் 1.3க்கு மேல் இருக்கும்போது, ஏற்கெனவே குறைவாக இருப்பதில் இன்னும் குறைப்பது சின்ன விஷயமல்ல. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மேலே கேரியர், அதன்மேல் கூடாரம், ஜெர்ரிகேன் என்று ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இந்த வித்தியாசம் ஸ்டியரிங்கிலேயே தெரியும்.

எந்தச் சஸ்பென்ஷனில் தூக்குகிறோம் என்பதைப் பொறுத்துச் சிக்கலும் மாறும். முன்பக்கம் டபுள் விஷ்போன் இருக்கும் வண்டியில் உயர்த்தும்போது கீழ் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்கிறது. டிரைவ் ஷாஃப்டின் சி.வி. ஜாயிண்ட் இயல்பான கோணத்தைவிட அதிகம் மடங்கி ஓடுகிறது. மேல் பால் ஜாயிண்ட் தன் எல்லையை நெருங்குகிறது. சக்கரத்தின் சாய்வான கேம்பரும், ஸ்டியரிங் அச்சின் சாய்வான கேஸ்டரும் விலகுகின்றன. இரண்டு இன்ச்சுக்குமேல் போகிறவர்கள் மாற்று மேல் ஆர்ம் வாங்குவது இதனால்தான். தலையில் ஸ்பேசர் வைத்துத் தூக்குவது மலிவான வழி. ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுப்பின் தலையில் ஒரு வட்டை வைத்தால் சக்கரத்தின் முழு வீச்சும் அப்படியே கீழே இறங்கும். ஆர்மின் நெம்புகோல் விகிதத்தால், வைத்த வட்டைவிட வண்டி அதிகம் உயர்வதால் வாங்கியவருக்கு மகிழ்ச்சி. ஆனால் சக்கரம் தொங்கும்போது சி.வி. ஜாயிண்டும் பால் ஜாயிண்டும் வடிவமைப்பாளர் விட்ட எல்லைக்கு வெளியே போகின்றன; மேலேறும்போது பம்ப் ஸ்டாப் தாங்குவதற்கு முன்பே ஷாக் அடிமுட்டிவிடக்கூடும்.

2010 முதல் 2020 வரை விற்ற பழைய தாரின் சி.ஆர்.டி.இ. வகையில் முன்பக்கம் டார்ஷன் பார். அதில் ஒரு போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் எழும், காசே செலவில்லை. திருகியபின் வண்டி கட்டையாக ஓடுவதைப் பார்த்து "ஸ்பிரிங் இறுகிவிட்டது" என்பார்கள். பாரின் விறைப்பு மாறவே இல்லை. மாறியது அதன் தொடக்கக் கோணம் மட்டும். வண்டி நிற்கும் இடம் மேலே போனதால், சக்கரம் பள்ளத்தில் தொங்குவதற்கு மிச்சமிருந்த வீச்சு குறைந்துவிட்டது. சின்னக் குழியிலும் ஆர்ம் கீழ் ஸ்டாப்பில் போய் இடிக்கிறது. அந்த இடியைத்தான் இறுக்கம் என்று உணர்கிறார்கள். கரடுமுரடில் டயரைத் தரையோடு ஒட்டவைப்பது இந்தத் தொங்கும் வீச்சு. அதைத் தின்றுவிட்டு வரும் உயரம் காட்டுப்பாதையில் வண்டியைப் பலவீனமாக்குகிறது.

முழு ஆக்சிலின் தொல்லைகள் வேறு. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்டு ராடின் ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்சிலில். வண்டி உயர்ந்தால் ராடு சாய்ந்து ஆக்சிலைச் சேசிஸ் பக்கமாக இழுக்கும். பின்னால் நின்று பார்த்தால் ஒரு பக்க டயர் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டால் சரியாகும். முன்னும் பின்னும் முழு ஆக்சில் கொண்ட ஜிம்னியில் இன்னொன்றும் உண்டு: தூக்கும்போது முன் ஆக்சில் சற்றே சுழன்று கேஸ்டர் கோணம் குறைகிறது, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நேர்நிலைக்குத் திரும்பச் சோம்பும். கேஸ்டரைத் திருத்தும் புஷ் இல்லாத ஜிம்னி கிட், பாதி கிட்தான். லீஃப் ஸ்பிரிங் ஜீப்புகளில் நீள ஷேக்கிள் போட்டுத் தூக்குவது பழைய தந்திரம். ஓர் அங்குலம் உயர ஷேக்கிள் இரண்டு அங்குலம் நீள வேண்டும், பினியனின் கோணமும் திரும்பிவிடும். பட்டைகளைக் கழற்றி வளைவேற்றிக் கட்டித் தரும் லாரிப் பட்டறைகள் நம்மூரில் இருக்கின்றன. வெப்பப் பதம் மீண்டும் ஏற்றப்படாத பட்டை சில மாதங்களில் தளர்ந்து பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இனி எடை. இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்பவர்கள் ஆஸ்திரேலியர்கள். 1975இல் மெல்பர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி.யின் ஓல்டு மேன் ஈமு, குயின்ஸ்லாந்தின் டாபின்சன்ஸ் போன்றவற்றின் பட்டியலைத் திறந்தால், ஒரே வண்டிக்கு ஒரே உயரத்தில் பல ஸ்பிரிங்குகள் இருக்கும். கூடுதல் எடை இல்லாதவருக்கு ஒன்று, முன்னால் இரும்புப் பம்பர் போட்டவருக்கு ஒன்று, வின்ச்சும் சேர்த்தவருக்கு ஒன்று, பின்னால் எந்நேரமும் சில நூறு கிலோ சுமப்பவருக்கு ஒன்று. குடிநீரும் டீசலும் நாள்கணக்கில் கிடைக்காத உள்நாட்டுப் பாலைக்குப் போகிறவர்களின் தேவையிலிருந்து பிறந்த பட்டியல் அது. அதிலிருந்து கனரக ஸ்பிரிங்கை வாங்கி, டூல் பாக்ஸைத் தவிர எதையும் ஏற்றாத தாரில் போட்டால், ஸ்பிரிங் பாதிகூட அமுங்காமல் வண்டி கால் நுனியில் நிற்கும். நின்ற நிலையில் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்தே ஆட்டத்தைச் சொல்லலாம்: சக்கரத்தில் 170 மி.மீ. அமுங்கியிருந்தால் நொடிக்குச் சுமார் 1.2 ஆட்டம், 110 என்றால் 1.5. இரண்டுக்கு அருகே போகும்போது முதுகு பேசத் தொடங்கும்.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். 60 கிலோ பம்பரும் வின்ச்சும் முன் அச்சுக்கு 70 செ.மீ. முன்னால் தொங்கினால், நெம்புகோல் கணக்கில் முன் அச்சுக்கு 77 கிலோ ஏறும், பின் அச்சிலிருந்து 17 கிலோ இறங்கும். தாரைப் போலக் குட்டையான வண்டியில் இந்த விளைவு கூடுதல். இங்கே ஒரு முரண் இருக்கிறது. முன் ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு மிக நியாயமான காரணம் இரும்புப் பம்பர். ஆனால் வண்டிகளில் கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பம்பர் இல்லாத வண்டிக்குப் பம்பர் ஸ்பிரிங் எதற்கு என்பதற்கு விற்பவர் யாரும் பதில் வைத்திருப்பதில்லை.

ஸ்பிரிங்குக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதிகூட ஷாக்குக்குக் கிடைப்பதில்லை. என் கணிப்பில் காசு போக வேண்டிய முதல் இடம் அதுதான். ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தரும். அதை விழுங்கி வெப்பமாக மாற்றுவது ஷாக் மட்டுமே. ஸ்பிரிங்கை 30 சதவீதம் விறைப்பாக்கினால், பழைய அளவுக்கு அடக்கிவைக்க ஷாக்கின் பிடிப்பும் 14 சதவீதம் கூட வேண்டும். புது ஸ்பிரிங்கைப் போட்டு, ஓடித் தேய்ந்த பழைய ஷாக்கையே விட்டுவைத்தால் வண்டி முன்பைவிட அதிகம் துள்ளும். குற்றம் ஸ்பிரிங்மேல் விழும்.

வெப்பத்தைச் சமாளிக்கும் முறையில்தான் ஷாக்குகள் பிரிகின்றன. இரட்டைக் குழாய் ஷாக்கில் உள்குழாயில் பிஸ்டன், வெளிக்குழாயில் மிச்ச எண்ணெயும் வாயுவும். வாஷ்போர்டு போல அலையலையான மண்சாலையில் மணிக்கணக்கில் ஓடினால் எண்ணெய் சூடாகி நுரைத்து, பிடிப்பு விட்டுப்போகும். ஒற்றைக் குழாய் ஷாக்கில் மிதக்கும் பிஸ்டனுக்கு அப்பால் நைட்ரஜன் அழுத்தத்தோடு அடைபட்டிருப்பதால் நுரைக்க வழியில்லை; எண்ணெயைச் சூழ்ந்த சுவர் நேரடியாகக் காற்றில் படுவதால் சீக்கிரம் ஆறும். ஜெர்மனியின் பில்ஸ்டைன் 1957இல் மெர்சிடிஸ் கார்களுக்கு இந்த வகையைப் பெருமளவில் கொண்டுவந்தது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: பிஸ்டன் அந்தச் சுவரிலேயே ஓடுவதால் ஒரு கல் அடித்துச் சுவர் நெளிந்தால் கதை முடிந்தது. இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் நெளிந்தாலும் பெரும்பாலும் வேலை நடக்கும். எண்ணெயைத் தனிக் குடுவையில் வைக்கும் ரிசர்வாயர் ஷாக்குகள் பாலைப் பந்தயத்துக்கு உரியவை. லடாக்கின், ஸ்பிதியின் நீண்ட அலைச்சாலைகளில் வாரக்கணக்கில் ஓடுகிறவருக்கு ஒற்றைக் குழாய் தகும். பாறை மேட்டில் நத்தை வேகத்தில் ஏறுகிறவருக்கு நல்ல தரமான இரட்டைக் குழாயே போதும்.

வேகம் குறைவாக இருந்தால் எவ்வளவு குறைவான பொருளில் காரியம் நடக்கும் என்பதற்கு, சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு ஆளேற்றிப் போகும் மகிந்திரா ஜீப்புகளே சாட்சி. லீஃப் ஸ்பிரிங், முழு ஆக்சில், ஒல்லி டயர். சுமையேறியதும் பட்டைகள் சரியாக அமுங்குகின்றன, ஓட்டுநருக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். லட்சங்கள் செலவழித்த வண்டிகள் அந்தப் பாதையில் அவற்றுக்கு ஒதுங்கி வழிவிடுவதைப் பார்க்கலாம்.

ஷாக்கின் நீளத்தைப் பட்டியலை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஒரு பக்க ஆக்சிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் நன்றாக அமுங்கும்வரை ஏற்றி, ஷாக்கின் இரு முனைகளுக்கும் நடுவே அளக்க வேண்டும். பிறகு முழுதாகத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். மூடிய ஷாக் முதல் அளவைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். விரிந்த நிலையில், பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் ஆக்சில் பிரீதர் குழாயும் இழுபடுவதற்கு முன் அது நின்றுவிட வேண்டும். ஷாக் நீண்டு, ஸ்பிரிங் நீளாவிட்டால் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டுக் கழன்றுகொள்ளும்.

பொருத்தும் வேலையில் அதிகம் நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே ஆர்ம், லிங்க் போல்ட்டுகள் எல்லாவற்றையும் இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ் உள்ளேயும் வெளியேயும் இரும்போடு ஒட்டியிருக்கிறது; ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. தொங்கிய நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறி நிற்கும். அந்த முறுக்கு ஸ்பிரிங்கோடு சேர்ந்து வண்டியைக் கட்டையாக்கும், சில ஆயிரம் கிலோமீட்டரில் புஷ் கிழியும். கையால் முடுக்கிவிட்டு, வண்டியை இறக்கி, தன் எடையில் நிற்கவைத்து ஓரிரு முறை அமுக்கிவிட்டபின், டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். இறக்கியபின் கீழே படுத்து இறுக்குவது சிரமம் என்பதால்தான் பல பட்டறைகள் இதைத் தவிர்க்கின்றன. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க இடம் தராத பட்டறையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அலைன்மென்ட்டில் டோ மட்டும் பார்த்து அனுப்பிவிடுவது வழக்கம். கேஸ்டர், கேம்பர் எண்களையும் தாளில் கேட்டு வாங்க வேண்டும். ஹெட்லைட்டை மறுபடி தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருகிறவர் கண் கூசும். ராக்ஸில் கண்ணாடிக்குப் பின்னிருந்து சாலையைப் பார்க்கும் கேமரா உள்ள வகைகளுக்கு, உயரம் மாறினால் கேமராவைப் புதிதாகப் பழக்க வேண்டும்.

சட்டத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பலர் அதைக் கடைசியில்கூட நினைப்பதில்லை என்பதுதான். கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 52ஆம் பிரிவுக்கு விளக்கம் தந்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. தேய்ந்த ஷாக்கை அதே உயரத்துக்கான நல்ல ஷாக்கால் மாற்றுவதும், சேசிஸில் வெல்டிங் வைத்து ஆறு இன்ச் தூக்குவதும் ஒரு தட்டில் நிற்பவையல்ல. விபத்து நடந்து காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் கீழே குனிந்து பார்க்கும் நாளில் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பு வரும். அதனால் பாடியிலும் சேசிஸிலும் துளைபோடாமல், கம்பெனி போல்ட்டிலேயே ஏறி அதே போல்ட்டிலேயே இறங்கும் கிட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளையும் ஷாக்குகளையும் பழைய இரும்புக்குப் போடாமல், முன் பின், இடது வலது என்று பெயிண்டால் எழுதிவைத்துக்கொள்ளலாம். விற்கும்போதோ, பதினைந்தாம் ஆண்டில் பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும்போதோ அவை தேவைப்படும். புது கிட் போட்டு முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும், கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும். ஓட்டத்தில் புது பாகங்கள் அமரும்போது ஒன்றிரண்டாவது தளர்ந்திருக்கும்.